பலகையில் என்ன எழுதப் போகிறீர்கள்?

"வீட்டுலயே நாலு பிள்ளைகளப் பாத்துக்கிடலாம்னு இருக்கேன் ஆச்சி, பெர்மிசன் எங்க வாங்கணும்?" என்று கேட்டுக்கொண்டு மாதத்துக்கு ஒருத்தியாவது என் திண்ணைக்கு வந்துவிடுகிறாள். சங்கரன்கோவிலில் 1998இல் தொடங்கி இருபத்து நாலு வருடம் என் வீட்டுப் பட்டாசலில் பிள்ளை பார்த்தவள் நான். டீச்சர் பிள்ளை, நர்ஸ் பிள்ளை, பாங்கில் வேலை பார்ப்பவள் பிள்ளை, தறிக்குப் போகிறவள் பிள்ளை, எல்லோருக்கும் ஆச்சிதான். வந்து கேட்கிறவர்கள் ஒரு ஆபீஸ், ஒரு ஃபாரம், ஒரு சீல் என்று மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் பார்த்தவரை அப்படி ஒரு ஆபீஸ் கிடையாது. வாயால் சொல்லி அனுப்பினால் தெருமுனை திரும்புவதற்குள் பாதி மறந்துபோகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. பெயின்டரிடம் போவதற்கு முன்னால் பெயரை யோசியுங்கள்.

நான் யோசிக்கவில்லை. பலகை எழுதியவர், "பள்ளின்னு போட்டாத்தான் எடுப்பா இருக்கும்" என்றார். 'மழலையர் பள்ளி' என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் ஒரு முயலும் வரைந்து கொடுத்தார். மூன்றாம் மாதம் ஒரு அதிகாரி வந்து, "அங்கீகார ஆணை நம்பர் என்ன?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது இரண்டு தொட்டில், ஒரு மரக்குதிரை. "பள்ளின்னு எழுதியிருக்கீங்களே" என்றார். எழுதியிருந்தது உண்மைதானே? அந்த ஒரு சொல்லால் கல்வித்துறைக்கு நடந்த நடை ஒன்றரை வருடம். கடைசியில் அதே பெயின்டரைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். அழிப்பதற்கும் கூலி வாங்கிக்கொண்டார். முயல் மட்டும் தப்பித்தது.

ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வாசலுக்குக் கூட்டிப்போகும். 'பள்ளி' என்றால் கல்வித்துறை. 'பிளே ஸ்கூல்' என்றாலும் கல்வித்துறைதான். அதற்கென்றே தமிழக அரசு 2015இல் தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது, அங்கீகாரம் வாங்கித்தான் நடத்த வேண்டும். 'காப்பகம்' என்பது காதுக்கு நல்ல சொல்தான். ஆனால் ஆபீஸ்காரர் காதில் அது ஆதரவில்லாத பிள்ளைகளை வைத்திருக்கிற இல்லம். உடனே 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு இருக்கிறதா என்பார். ராத்திரியும் பிள்ளையை வைத்துக்கொண்டால் அது விடுதிக் கணக்கு. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளுக்கு 2014இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் கேட்கும். பிறகு நான் 'பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு' என்று எழுதினேன். நீளம்தான். படிப்பதற்குள் ஆட்டோ தாண்டிப் போய்விடும். ஆனால் செய்கிற வேலை என்னவோ அதைத்தான் சொல்கிறது.

பெயரை மாற்றி வேலையை மறைக்கலாம் என்று இதைப் படித்துவிடாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, யூனிஃபார்ம் போட்டு, ரைம்ஸ் சொல்லிக்கொடுத்து, ஃபீஸ் ரசீதும் கிழித்துவிட்டு 'டே கேர்தான் நடத்துறேன்' என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

2. வீட்டின் காகிதத்தை வெளியே எடுங்கள்.

கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரைபட அனுமதி, தீர்வை ரசீது. இதில் வரைபட அனுமதியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதில் 'குடியிருப்பு' என்று இருக்கும். செங்கல் ஒன்றுகூட வைக்காமல் அதே பட்டாசலில் பாய் விரித்துப் பிள்ளை பார்த்தாலும், வீட்டின் பயன்பாடு மாறுகிறதா என்ற கேள்வி வரும். 1971ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 'வளர்ச்சி' என்றால் கட்டடம் கட்டுவது மட்டும் இல்லை. கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றுவதும் அதில் அடக்கம். 'பெரிய அளவு' எது என்பதில்தான் எல்லாச் சண்டையும். பேத்தியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்கிறவளை யாரும் கேட்டதில்லை. இருபது பிள்ளை, மூன்று ஆயா, வாசலில் வேன் என்று ஆனால் கேட்பார்கள்.

அதனால் நகராட்சி ஆபீசில் நகரமைப்புப் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள். சர்வே நம்பரைச் சொல்லி, இந்த இடம் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று கேளுங்கள்: குடியிருப்பா, வணிகமா, தொழிலா, விவசாயமா? குடியிருப்பு என்றால் பெரும்பாலும் பயமில்லை. நர்சரி, ஆரம்பப் பள்ளி மாதிரியானவற்றுக்கே குடியிருப்புப் பகுதியில் பொதுவாக இடம் உண்டு. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைகளில் கவனம் வேண்டும். நேற்றுவரை பருத்தி போட்ட கரிசல் காட்டில் இன்று வீடு எழும்பியிருக்கும், காகிதத்தில் மட்டும் இன்னும் விவசாய நிலமாகவே கிடக்கும். வகைப்பாட்டை மாற்ற வேண்டியிருந்தால் அது உள்ளூரில் முடிகிற வேலை இல்லை, நகர் ஊரமைப்பு இயக்ககம்வரை போகும். 2019க்கு முன்னால் எந்த மாவட்ட ஆபீஸ் வேலைக்கும் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டும். அந்த வருடம் நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபிறகு நடை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வாயால் சொன்ன பதிலை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தக் காகிதம் ரொம்ப நாள் பேசும்.

போன மாதம் வந்தவள் செல்போனில் ஒரு அனுமதியைக் காட்டி, "ஆன்லைன்லயே கிடைச்சிட்டு ஆச்சி" என்றாள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதி அது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரை சொந்த வீடு கட்டிக்கொள்வதற்கானது. வீடு கட்டலாம், குடியிருக்கலாம். தொழிலுக்கு அது அனுமதி ஆகாது. முகம் வாடிப்போனாள், ஒரு காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இதில் ஒரு பொறாமை எனக்கு உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரியிலிருந்து, லைசென்ஸ் வாங்கி வீட்டில் பதினாலு பிள்ளைவரை பார்த்துக்கொள்கிறவர்களின் வீடு, பயன்பாட்டுக் கணக்கில் வீடாகவேதான் கருதப்பட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நகராட்சி தனியாக அனுமதி கேட்க முடியாது. ஆனால் லைசென்ஸ் கொடுக்கிறவர்கள் வீட்டுக்குள் வந்து சல்லடை போட்டுச் சலிப்பார்கள். நம் ஊரில் வகைப்பாட்டைக் கேட்டு அலையவிடுவதில் பாதி அக்கறையை தொட்டில் கயிறு நைந்திருக்கிறதா என்று பார்ப்பதில் காட்டினால் தேவலை.

3. டேப் வாங்குங்கள்.

என் பட்டாசல் பதினாலுக்குப் பன்னிரண்டு. 168 சதுர அடி. பேறுகாலப் பயன் சட்டத்தை 2017இல் திருத்தி, ஐம்பது பேர் அல்லது அதற்குமேல் வேலை பார்க்கிற இடங்களில் குழந்தைப் பராமரிப்பு வசதி வேண்டும் என்றார்கள். அதற்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் பதினாலு பிள்ளை. ஆனால் கட்டில், பீரோ, தையல் மிஷின், மாமனார் காலத்து ஊஞ்சல் எல்லாம் போக அளந்தால் மிஞ்சியது நூற்றுப் பத்து. ஒன்பது பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டேன். பத்தாவதாக வந்தவர்கள் சொந்தக்காரர்கள். இரண்டு வருடம் என் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை.

மூன்று வயதுக்குள் பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆள் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. என்னைக் கேட்டால் தவழ்கிற பிள்ளைகள் நாலுக்கு ஒரு ஆள் வேண்டும். பத்துப் பேரையும் ஒருத்தி பார்ப்பாள் என்று எழுதியவர் எந்தப் பிள்ளைக்காவது கால் கழுவி விட்டிருக்கிறாரா தெரியவில்லை.

4. கூரையைப் பாருங்கள்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஸ்ரீகிருஷ்ணா பள்ளி. சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் பிள்ளைகள், இறங்குவதற்குக் குறுகலான ஒரே படிக்கட்டு. தொண்ணூற்று நாலு பிள்ளைகள்.

அன்றைக்கு மத்தியானம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது என் வீட்டுப் புறவாசல் சாய்ப்பில் ஆறு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தென்னங்கீற்றுச் சாய்ப்பு. வெயிலுக்கு அதைவிடக் குளிர்ச்சி கிடையாது என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சாய்ப்பிலிருந்து அடுக்களை விறகடுப்பு எட்டு எட்டு வைத்தால் வந்துவிடும். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்து போட்டேன், ஒன்றுகூட முழிக்கவில்லை. சனிக்கிழமை ஆள் விட்டுச் சாய்ப்பைப் பிரித்துவிட்டேன்.

இன்றைக்குக் கட்டட உறுதி, சுகாதாரம், தீயணைப்பு என்று உங்களை அலையவைக்கிற அத்தனை காகிதத்திலும் கெடுபிடி வந்தது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பத்து வருடம் கழித்து 2014 ஜூலையில் தஞ்சாவூர் கோர்ட்டில் தண்டனை வந்தது. "எதுக்கு இத்தன சர்ட்டிபிகேட்டு?" என்று என்னிடம் சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் விளக்கம் சொல்வதில்லை, தேதியை மட்டும் சொல்கிறேன்.

5. நாலு சான்றுக்கும் ஒரு வரிசை உண்டு.

பள்ளி, பிளே ஸ்கூல் என்றால் இவை கட்டாயம். தகுதியுள்ள பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரத் துறையில் சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, பிறகு 1965ஆம் வருடத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் கட்டட உரிமம். எடுத்த எடுப்பில் தாலுகா ஆபீசுக்குப் போகாதீர்கள், மற்ற மூன்றும் எங்கே என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கெடு தேதி உண்டு. நாலும் வெவ்வேறு மாதத்தில் முடியும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

பகலில் எட்டுப் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வீட்டில் இதையெல்லாம் யாரும் கேட்காமல்கூடப் போகலாம். கேட்காவிட்டாலும் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், "ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுங்கள். என் வீட்டுக்கு வந்தவர் பத்தே நிமிடம்தான் நின்றார். மாடிப்படிக்கு அடியில் ஸ்பேர் சிலிண்டர். புறவாசல் கதவில் பூட்டு, சாவி என் இடுப்பில். ஜன்னல் கம்பியில் திறக்கிற வழியே இல்லை. "ஆச்சி, முன்வாசல்ல தீன்னா எப்படி வெளிய வருவீங்க?" என்று கேட்டார். எனக்கு வாய் எழும்பவில்லை. அன்று சாயங்காலமே புறவாசல் பூட்டைக் கழற்றி, எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் அடித்தேன்.

தண்ணீர்த் தொட்டி மூடியும் அப்படித்தான். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுப் பிள்ளைக்காக ஊரே நாலு நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பிள்ளை உயிரோடு வரவில்லை. உங்கள் வீட்டுத் தரைத்தொட்டி மூடியை நீங்களே கையால் தூக்கிப் பாருங்கள். ஒரு கையால் தூக்க முடிந்தால் அது மூடி இல்லை.

6. மீட்டரும் தீர்வையும்.

வீட்டுக் கனெக்‌ஷனில் தொழில் நடக்கிறது என்று ஈபியில் கண்டுபிடித்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு போடுவார்கள். தொடங்கிய தேதி தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் பார்ப்பார்கள். எந்தக் கட்டண வகை என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நகராட்சியில் சொத்து வரியும் குடியிருப்புக்கு ஒரு விகிதம், மற்றதற்கு வேறு. 2023 ஏப்ரலில் பழைய 1920ஆம் வருடத்து நகராட்சிச் சட்டம் போய், நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. என் காலத்து ரசீதைக் காட்டி வாதாடப் போகாதீர்கள்.

7. வாடகை வீடா? ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

'குடியிருக்க' என்று எழுதிவிட்டு, வாயால் மட்டும் "பிள்ளை பாத்துக்கிடுவேன் அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தால் போதாது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். சொன்னதற்கு மாறாக வீட்டைப் பயன்படுத்தினால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணம். அண்ணாச்சி நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய மகன் சென்னையிலிருந்து வருவான்.

8. பக்கத்து வீடு.

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நான் பார்த்தவரையில், வீட்டில் நடத்துகிற பராமரிப்பை மூடவைத்தது வரைபடமோ வகைப்பாடோ இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய ஒரு மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அந்த மனு விழுந்துவிட்டால், அதுவரை உங்களைத் தெரியவே தெரியாத நாலு ஆபீசும் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கும்.

என் மீதும் ஒரு மனு விழுந்தது. எழுதியவர் மூன்று வீடு தள்ளி இருந்தவர். பிள்ளைகள் சத்தம் என்று எழுதியிருந்தார். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. விடியற்காலை தொடங்கினால் ராத்திரிவரை 'தடக் தடக்' நிற்காது. அந்தத் தெருவில் ஒன்பது பிள்ளை அழுதால் யாருக்குக் கேட்கும்? சொல்லப்போனால் என்னிடம் வளர்ந்த பிள்ளைகள் தறிச் சத்தத்தில்தான் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் ஒன்பதும் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டு அழும். ஆக, சத்தம் காரணம் இல்லை. நேரில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். காலை எட்டே முக்காலுக்கு ஏழெட்டு ஸ்கூட்டி அவர் வீட்டு வாசல் கோலத்தின்மேல் நிற்கிறது. அவர் வீட்டம்மா அதிகாலை எழுந்து போடுகிற இழைக்கோலம். இவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்து வர வேண்டும் என்று எல்லாத் தாய்மாரிடமும் சொல்லிவிட்டேன். மனு எழுதியவருடைய பேரனும் பின்னாளில் என் வீட்டில்தான் வளர்ந்தான்.

தொடங்குவதற்கு முன்னால் இடமும் வலமும் எதிரும் ஐந்தாறு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். எத்தனை பிள்ளை, எத்தனை மணிவரை, வண்டி எங்கே நிற்கும் என்று சொல்லி, முடிந்தால் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்தும் வாங்குங்கள். அதைச் சட்டம் கேட்கிறதா இல்லையா என்பது வேறு.

9. ஆள் வைக்கும்போது சொந்தம், சாதி, ஊர்க்காரர் என்று பார்க்காதீர்கள்.

போலீசின் இணையதளத்தில் நன்னடத்தை சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், பணம் கட்டிச் செய்யுங்கள். வீட்டு ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிற நேரம் என் வீட்டுக்காரர் பட்டாசலுக்கு வர மாட்டார். அது நாங்கள் பேசிவைத்த ஏற்பாடு, அவருக்கு வருத்தமும் இல்லை. ஒரு பிள்ளையின் உடம்பிலோ நடத்தையிலோ ஏதாவது தப்பாகப் பட்டால் மூடி மறைக்கக் கூடாது. 2012ஆம் வருடத்து போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள், பெற்றோர் கண்ணில் படுகிற இடத்தில்.

10. சோறு அவரவர் வீட்டிலிருந்து வரட்டும்.

நீங்கள் சமைத்துக் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சின்ன வியாபாரத்துக்கான பதிவுதான், பெரிய செலவில்லை. ஆனால் ஒன்பது பிள்ளைக்கு ஒன்பது வாய். டப்பா வந்தால் சூடு பண்ணிக் கொடுப்பதோடு சரி.

11. புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள்.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் நீங்களே போனில் போட்டுவிடலாம். அதற்கு இரண்டாயிரம் கேட்டவனை எனக்குத் தெரியும். அந்தச் சான்றைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு "கவர்மென்ட் அங்கீகாரம்" என்று சொல்லிக்கொள்கிறவர்களையும் தெரியும். சிறுதொழில் என்று பெயர் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை பார்க்கவோ பள்ளி நடத்தவோ அது அனுமதி இல்லை. எந்த ஆபீசில் எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியும் சீலும் போட்டு வாங்கிக்கொண்டுதான் படி இறங்க வேண்டும். என் நகல்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

12. மூடுகிற நேரம்.

சாயங்காலம் ஆறு மணி என்றால் ஆறு மணி. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு பெண் எட்டு, ஒன்பது என்று இழுத்துக்கொண்டே போனாள், டூட்டி அப்படி. ஒரு ராத்திரி இங்கேயே தூங்கட்டுமே ஆச்சி என்றாள். பாவமாகத்தான் இருந்தது. முதலாவது விஷயத்தில் சொன்ன விடுதிக் கணக்கு நினைவுக்கு வந்தது. முடியாது தாயி என்றேன். அவள் மாமியாரை ஊரிலிருந்து கூட்டி வந்தாள்.

விடுமுறை நாட்களையும் சேரும்போதே நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளியெல்லாம் சொல்லாமலே தெரியும். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்று கட்டாயம் லீவு விடுங்கள். அன்றைக்கு ரத வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய் சாயங்காலம் கூட்டத்தைத் தாண்டி உங்கள் வாசலுக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும்.